நான் வாசிக்காமல் விட்ட வரிகள்

1941 பிப்ரவரி 6, வியாழன்

காலையிலிருந்து சரக்குக் கிட்டங்கியில் கருப்பட்டிச் சிப்பம் கட்டும் வேலை. ஓலைப்பாய் போதவில்லை, இரண்டு ஆட்கள் வரவில்லை. வந்தவர்களையும் வராதவர்களையும் சேர்த்து ஏசிவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், கொழும்பிலிருந்து மகள் சீனித்தாயின் கடிதம். யுத்த காலமாகையால் சென்சார்காரன் கவரைக் கிழித்துப் பார்த்து, மறுபடி காகிதம் ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

மகள் கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் அது ஒரு பூஜை மாதிரி. வடிவம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. விளக்கேற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்காருவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். இருமினால்கூடக் கோபம் வரும் அவளுக்கு.

சீனிக்கு மூன்று மாதமாம். போன ஆவணியில் கல்யாணம் முடித்து அனுப்பிய பிள்ளை. வடிவம்மாள் அழுதாள், பிறகு சிரித்தாள். "இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

கடிதம் நான்கு பக்கம். நான் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து இங்கே எழுதி வைக்கிறேன். என் வாயால் வராததை இந்த நோட்டாவது வைத்துக்கொள்ளட்டும்.

"ஐயா, உங்கள் மாப்பிள்ளை ராத்திரி இங்கே தங்குவதில்லை. கடைக்கு நாலு தெரு தள்ளி இன்னொரு வீடு இருக்கிறது. ஒரு சிங்களத்து அக்காவும் இரண்டு பிள்ளைகளும். பெரியவனுக்கு ஆறு வயசு. அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை, எனக்கு எத்தனையோ வருஷம் முந்தியவள். நான்தான் நடுவில் வந்தவள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், அவள் தாங்கமாட்டாள்."

என்னைத்தான் நம்பிச் சொல்லியிருக்கிறாள். பக்குவமாகச் சொல்வேனாம்.

எனக்கு இது புதுச் செய்தியா? இல்லையே. கொழும்புக் கப்பலில் சமையல் பார்க்கும் மனுவேல், நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரமே கிட்டங்கிக்கு வந்து சொன்னான். "அண்ணாச்சி, ஒரு வார்த்தை காதுல போட்டு வைக்கேன். மாப்பிள்ள ராஜதுரைக்கு அங்கன ஒரு குடும்பம் இருக்கு."

நான் என்ன சொன்னேன்? "கடல் தாண்டிப் பொழைக்கப் போன ஆம்பள அப்படி இப்படித்தாம்லே இருப்பான். தாலி கட்டிட்டா எல்லாம் சரியாப் போவும்." மனுவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வடிவம்மாள் தன் தம்பி காசிலிங்கத்தின் மகனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். செல்வதுரை. ஆறுமுகநேரியில் உப்பளத்து வேலை. முறைப் பையன், குணமான பையன். "உப்பு அள்ளுதவனுக்குக் குடுக்கவா எம்புள்ளய வளத்தேன்?" என்று நாலு பேர் கூடியிருந்த இடத்தில் வைத்துக் கேட்டேன். காசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். கொழும்பு மாப்பிள்ளை, கொழும்பு மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது மகள் பெட்டியோடு வந்து இறங்கினால் காசிலிங்கத்தின் தலை நிமிரும். பிறகு நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

பிப்ரவரி 11, செவ்வாய்

சீனிக்குப் பதில் எழுதினேன். பொறுத்துக்கொள், பிள்ளை முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை மனசு மாறும் என்று எழுதினேன்.

வடிவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பங்குக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஏழாம் மாசம் ஐயாவும் நானும் வந்து கூட்டியாருவோம்னு எழுதுங்க. தலப்பிரசவம் நம்ம வீட்டுலதான்னு எழுதுங்க. வெறும் வயித்துல காப்பி குடிக்காதன்னு எழுதுங்க." நான் பேனாவை ஓட்டிக்கொண்டே இருந்தேன். காப்பி மட்டும்தான் தாளில் ஏறியது.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

தாளை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா நெருக்கி எழுதியிருக்கீய" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

மார்ச் 2, ஞாயிறு

உறவின்முறைக் கூட்டம். எங்கள் சாதிச் சபை, அதில் எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் தன் மகள் மாமியார் வீட்டிலிருந்து வந்துவிட்டாள் என்றும், உள்ளே சேர்க்கவில்லை என்றும், சபை பெண்ணுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ!

"பொம்பளப் பிள்ள கண்ணீரோட வாசலுக்கு வந்தா மொதல்ல பெத்தவன் எந்திரிச்சுப் போயி என்னன்னு கேக்கணும்யா. கௌரவத்தப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "வீரபாகு அண்ணாச்சி சொன்னதுதான் தீர்ப்பு" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியும் கொண்டார்கள். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 9, புதன்

சீனியின் அடுத்த கடிதம். இதுவும் நான்கு பக்கம். நான் வாசித்தது பத்து வரி இருக்கும். உடம்பு சுகம், மழை பெய்கிறது, தேங்காய் நன்றாகக் கிடைக்கிறது.

வடிவம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். "ரெண்டு தாள்ல ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா. நீங்க ரெண்டு மூச்சுல முடிச்சுட்டீய?"

"சென்சார்காரன் அடிச்சிட்டான். யுத்த காலம்லா. எல்லாத்தையும் விடமாட்டான்."

"மை அடிச்சத எங்கன? காட்டுங்க."

மை எங்கே இருக்கிறது, காட்டுவதற்கு! "இது வேற மாதிரி அடிக்கிறது. உனக்குச் சொன்னா வெளங்காது" என்று எரிந்து விழுந்தேன். அவள் கவரில் ஒட்டியிருந்த சென்சார் காகிதத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை மடித்துத் தன் தகரப் பெட்டிக்குள் வைத்தாள்.

கடிதத்தில் இருந்தது இது. "ஐயா, ஏழாம் மாதமாவது நீங்கள் வருவீர்களா? தேதி எழுதுங்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்கள்தானோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன்."

ஏப்ரல் 10

சென்சார்காரனுக்காவது சர்க்கார் உத்தரவு என்று ஒன்று இருக்கிறது.

மே 15, வியாழன்

காசிலிங்கம் ஆறுமுகநேரியிலிருந்து வந்தான். அக்காவும் தம்பியும் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாள் வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நான் சொன்னது அவளுக்கு இறங்கவில்லை. "தலப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராத பிள்ள உண்டுமா? நாளைக்கு ஊரு என்ன கேக்கும், தாய் செத்துட்டாளான்னு கேக்காதா?"

காசிலிங்கம் என்னிடம் வந்து நின்றான். "அத்தான், உங்களுக்குக் கிட்டங்கி வேலை இருக்கும். நான் வேணா போயி மருமகளக் கூட்டியாரட்டா?"

எவ்வளவு மரியாதையாகக் கேட்டான். நான் கத்தினேன். "எம்மவள எப்பக் கூட்டியாரணும்னு எனக்குத் தெரியும்லே. நீ உன் உப்பப் பாரு." அவன் சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். இலை போட்டது போட்டபடி கிடந்தது. வடிவம்மாள் அந்த இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

ஜூன் 18, புதன்

கடிதம். அரைப் பக்கம்தான்.

"ஐயா, ஏழு மாதமும் முடிந்துவிட்டது. யாரும் வரவில்லை. இனி நான் எழுதமாட்டேன். பிரசவத்தில் எனக்கு ஒன்று ஆகிவிட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

வடிவம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். வாய் தானாக ஓடியது. "அம்மா கை முறுக்கு தின்ன ஆசையா இருக்கு, உடன்குடிக் கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பி வையுங்கன்னு எழுதியிருக்கா."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இத மொதல்லயே எழுதுறதுக்கு என்ன, கழுத" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் அரிசி ஊறப் போட்டாள்.

நான் மனுஷன்தானா?

ஜூன் 23, திங்கள்

நான்கு நாளாக முறுக்கு சுட்டாள். முதுகு வலி என்று சுவரில் சாய்ந்து சாய்ந்து சுட்டாள். எல்லாம் ஒரு பெட்டியில். வளையலையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டாள். கப்பலுக்குக் கொண்டுபோக மனுவேல் வந்தான். நான் உள்ளே பேனா தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "பெட்டியக் கவுத்திராதேயும்னு சொன்னேன்" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

மனுவேல் மத்தியானம் வந்தான். கிட்டங்கிக்கு வரவில்லை, நேரே வீட்டுக்கு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க கேக்கச் சொன்னதக் கேட்டேன். சீனிப் பாப்பா நெறமாசத்துல தனியா இருக்கு. 'மூணு காயிதம் எழுதிட்டேன் அண்ணாச்சி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. அம்மா ஏன் ஒரு வார்த்தை கூப்பிடல'ன்னு கேட்டுச்சு. அந்தப் பெட்டியத் தொறக்கல, பாத்துக்கிட்டே இருந்துச்சு."

என் கை சோற்றில் நின்றுவிட்டது. அன்றைக்கு வாசலில் வடிவம்மாள் அவனிடம் சொன்னது அதுதான். எழுத்து வேண்டாம், தாள் வேண்டாம், என் வாயும் வேண்டாம். நேரே போய் என் மகளிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். மனுவேலுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். நான் கை கழுவும் வரை காத்திருந்தாள். தகரப் பெட்டியைத் திறந்து மூன்று கடிதங்களையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இப்ப வாசிங்க."

"வடிவு, நான் சொல்லுததக் கேளு—"

"வாசிங்க."

வாசித்தேன். பட்டப்பகலில், வாசல் கதவு திறந்து கிடக்க, ஒவ்வொரு வரியாக. அந்த இன்னொரு வீட்டை வாசித்தேன். படிக்கட்டுச் செருப்புச் சத்தத்தை வாசித்தேன். பிள்ளையை அந்த அக்கா பார்த்துக்கொள்வாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ம்" என்றாள், மேலே போ என்பது மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே மனுவேல் சொன்னதையும் நானே சொல்லிவிட்டேன். மூன்று கடிதங்களையும் முழுவதும் வாசித்து முடித்தேன்.

"கப்பல் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. நானும் வாரேன்."

"நீங்க வர வேண்டாம். உங்களப் பாத்தா அவ கப்பலேற மாட்டா."

ஜூலை 4, வெள்ளி

காசிலிங்கம் அக்காவுக்குத் துணையாகப் போகிறான். துறைமுகத்து லாஞ்சுப் படகில் ஏறினார்கள். கப்பல் தூரத்தில் நிற்கிறது, காற்று பலமாக இருந்தது. இவள் வாழ்நாளில் கடலில் கால் வைத்தவள் இல்லை. லாஞ்சு ஆடியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

காசிலிங்கம் மட்டும் திரும்பி, "அத்தான், வெயில்ல நிக்காதீய, வீட்டுக்குப் போங்க" என்றான். குத்திக் காட்டவில்லை. அவன் சுபாவம் அது. குத்தியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

வந்துவிட்டார்கள். மகளைப் பார்த்தேன். வயிறு மட்டும்தான் இருக்கிறது, மற்றபடி ஆளே இல்லை. மாப்பிள்ளை கடையை விட்டு இறங்கிக்கூட வரவில்லையாம். துறைமுகம் வரை வந்து ஏற்றிவிட்டது அந்தச் சிங்களத்து அம்மாள்தானாம்.

"நல்லாருக்கீயளா ஐயா?" என்று கேட்டாள் சீனி. வழியில் கண்ட பெரிய மனுஷனிடம் கேட்பதுபோல.

வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று வாசல் தெளித்து, ஆள் வைத்து வெந்நீர்கூடப் போடச் சொல்லியிருந்தேன். வடிவம்மாள் சொன்னாள்: "காசிலிங்கம் வண்டி பேசியிருக்கான். பிரசவம் ஆறுமுகநேரில. அவ அங்கனதான் போணும்னு சொல்லுதா." நான் வழியை விட்டு விலகி நின்றேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

ஆறுமுகநேரியிலிருந்து கார்டு. செல்வதுரை எழுதியிருக்கிறான். பெண் குழந்தை, நேற்று காலை, தாயும் பிள்ளையும் சுகம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உப்பு அள்ளுகிறவன் என்று சொன்னேனே.

வாசித்துக் காட்ட வீட்டில் யாரும் இல்லை, வடிவம்மாளும் மகளோடு அங்கேதான். கிட்டங்கியில் சிப்பம் கட்டும் பேச்சிமுத்துவிடம் சொன்னேன். "பேத்தியா அண்ணாச்சி? அப்ப முட்டாய் வாங்கிக் குடுங்க" என்றான். வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

உறவின்முறையில் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்த பிறகு அது வரவில்லை. "எம்மவ நாலு மாசமாக் கூட்டிட்டுப் போன்னு எழுதுனா. நான் மறைச்சேன். மத்தவன் மகளுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல" என்றேன். மார்ச் மாதம் என் கையைப் பிடித்து அழுத மனுஷன் மட்டும் எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆறுமுகநேரிக்கு மூன்றாவது தடவை. பஸ்ஸில் போய், காசிலிங்கம் வீட்டில் சாப்பிட்டு, பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன். செல்வதுரை நாற்காலி போடுகிறான். வடிவம்மாள் சாப்பாடு போடுகிறாள், அளவாகப் பேசுகிறாள். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "அவ எங்கன இருக்காளோ அங்கன நான்" என்றாள். சீனி கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பிள்ளையை என் மடியில் வைக்கிறாள். கண்ணைத்தான் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கும் எழுதமாட்டேன்.

ஜூலை முதல் தேதி மூன்று கடிதங்களையும் முழுவதும் வாசித்தேன் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அது பொய். இரண்டாவது கடிதத்தில் ஒரு வரியை அப்போதும் விட்டுவிட்டேன். பிப்ரவரியில் நான் மகளுக்கு எழுதிய பதிலிலும் ஒரு வரி உண்டு. அதை இங்கே எழுதவே இல்லை. யாருமே பார்க்காத நோட்டிலும் ஒளித்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் காசிலிங்கமும் செல்வதுரையும் உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். சீனி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, துணிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்து.

"ஐயா, இத நீங்களே வச்சுக்கிடுங்க. கிழிச்சிப் போட்டாலும் சரி."

விரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொழும்புல இத எத்தன மட்டம் வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. அம்மா இப்படிச் சொல்லுவாளான்னு நெனச்சு நெனச்சு... கப்பல்ல அம்மா, 'எனக்கு ஒண்ணுமே தெரியாதுளா'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அப்பமே புரிஞ்சுபோச்சு. அம்மாகிட்ட இத நான் வாசிச்சுக் காட்டல. வேண்டாம். தாங்கமாட்டா. உங்களையும் பொறவு வீட்டுக்குள்ள விடமாட்டா."

இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவள் அம்மாவுக்குச் செய்ததையே இப்போது இவளும் செய்துகொண்டிருக்கிறாள், அதுவும் எனக்காக. இந்தப் பழக்கத்தை நான்தானே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறத்தான் நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

திரும்பி உள்ளே போனேன். வடிவம்மாள் அடுக்களையில் அரிவாள்மனையில் பால்சுறா மீன் அரிந்துகொண்டிருந்தாள், பிள்ளை பெற்ற மகளுக்கு மீன்புட்டு செய்ய. எதிரே தரையில் உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"பிப்ரவரி மாசம் நான் சீனிக்கு எழுதுன காயிதம். நீ சொல்லச் சொல்ல எழுதுனேம்லா, அது."

அவள் கை நின்றது.

வாசித்தேன். "உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம், புருஷன் வீட்டிலேயே பெற்றுக்கொள், அதுதான் மரியாதை என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள்." அதன் கீழே, "வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே." பிறகு சீனியின் இரண்டாம் கடிதத்தில் நான் விட்ட வரியையும் சொன்னேன். "அம்மாவே வர வேண்டாம் என்று சொன்ன பிறகு உங்களைத் தவிர நான் யாரிடம் கேட்பேன்?"

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அரிவாள்மனையை விட்டு எழுந்து வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். சீனி ஆமாம் என்பதுபோலத் தலையை அசைத்த பிறகுதான் மறுபடி மீனை அரியத் தொடங்கினாள்.